தடுப்பூசி போட்ட கோழிகளுக்கும் ஐ.பி. என்னும் தொற்று மூச்சுக்குழாய் அழற்சி வருவது ஏன்? ஆய்வறிக்கையில் உள்ள வைரஸ் பெயரை எப்படிப் புரிந்துகொள்வது?

வாசகர் கேள்வி:

முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறேன். குஞ்சு பொரித்த நாளிலும், பிறகு குடிநீர் வழியாக இரண்டு முறையும் மாசசூசெட்ஸ் வகை ஐ.பி. தடுப்பூசி கொடுத்தேன். முட்டையிடத் தொடங்கும் முன் செயலிழக்கச் செய்த தடுப்பூசியும் போட்டாயிற்று. இப்போது 34 வார வயதில் ஒரு கொட்டகையில் தும்மலும் மூச்சில் கரகரப்பும் தொடங்கி, ஒரே வாரத்தில் முட்டை உற்பத்தி 92 சதவீதத்திலிருந்து 76 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. முட்டை ஓடு வெளிறிச் சுருக்கம் விழுந்து வருகிறது. உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது. இறப்பு அதிகமில்லை. ராணிக்கெட்டும் பறவைக் காய்ச்சலும் இல்லை என்றும், ஐ.பி. வைரஸ் இருக்கிறது என்றும், அதன் எஸ்1 மரபணு 793பி என்னும் வேறொரு ஐ.பி. வகையோடு 96 சதவீதம் ஒத்திருக்கிறது என்றும் ஆய்வகம் அறிக்கை தந்துள்ளது. வைரஸ் உருமாறிவிட்டது, பழைய தடுப்பூசியால் இனிப் பயனில்லை என்கிறார் ஒருவர். உடனே எல்லாக் கொட்டகைகளுக்கும் 793பி தடுப்பூசி கொடுங்கள் என்கிறார் இன்னொருவர். இந்த வைரஸ் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? நான் என்ன செய்ய வேண்டும்? எங்களுக்கும் இது தொற்றுமா?

பதில்:

அன்புள்ள பண்ணையாளருக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தொற்று மூச்சுக்குழாய் அழற்சி எனப்படும் ஐ.பி. நோயை உண்டாக்குவது ஒரு கொரோனா வைரஸ்தான். ஆனால் அது காமா கொரோனா வைரஸ் என்ற பிரிவைச் சேர்ந்தது. கோவிட் நோயைத் தந்த வைரஸோ பீட்டா பிரிவைச் சேர்ந்தது. ஐ.பி. வைரஸ் மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக இதுவரை அறியப்படவில்லை. அந்த அச்சம் உங்கள் வீட்டாருக்கும் பணியாளர்களுக்கும் வேண்டாம்.

அடுத்து, இன்று நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. நோய் கண்ட கொட்டகைக்கு இப்போது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் கொண்ட புதிய உயிர்த் தடுப்பூசி எதையும் கொடுக்காதீர்கள். வைரஸ் ஏற்கெனவே கொட்டகை முழுவதும் பரவிவிட்ட நிலையில் அதனால் கோழிக்குக் கிடைக்கும் பயன் எதுவுமில்லை. மற்றக் கொட்டகைகளுக்கு 793பி தடுப்பூசி தேவையா என்பதை இந்த ஓர் அறிக்கையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அறிக்கையில் உள்ள பெயர் அந்த வைரஸ் எந்தக் குடிவழியில் வந்தது என்று சொல்கிறது. உங்கள் கோழிகளின் எதிர்ப்பாற்றல் அதைத் தடுக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காண வேறு சான்றுகள் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள்வதால்தான் பல பண்ணைகளில் தேவையில்லாத வைரஸ்களைத் தடுப்பூசி வடிவில் நாமே கொண்டுவந்து சேர்க்கிறோம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளங்க, இந்த வைரஸ் எப்படி மாறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

ஐ.பி. வைரஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 27,600 நியூக்ளியோடைடுகள் (மரபணு எழுத்துகள்) கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. ராணிக்கெட் வைரஸின் தொகுதி சுமார் 15,200 என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், ஆர்.என்.ஏ. வைரஸ்களில் இது எவ்வளவு நீளமானது என்று தெரியும். இவ்வளவு நீளமான இழையைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்வது இயல்பு. அந்தப் பிழைகளில் பெரும்பகுதியைத் திருத்துவதற்கென்றே கொரோனா வைரஸ்களிடம் ஒரு நொதி இருப்பதால், ஒரு படியெடுப்புக்கு நேரும் பிழைகளின் எண்ணிக்கை இன்ஃபுளூயன்சா வைரஸில் நேர்வதைவிடக் குறைவுதான். ஆகவே இந்த வைரஸ் கட்டுக்கடங்காமல் உருமாறுகிறது என்பது சரியான சித்திரம் ஆகாது. மாற்றம் தோன்றும் வேகத்தைவிட, தோன்றிய மாற்றங்களுள் எது தங்குகிறது என்பதே இங்கு முக்கியம். ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகளின் மூச்சுக்குழாய்களில் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகும்போது, சிறு விகிதத்தில் நேரும் பிழையும் ஏராளமான மாற்று வடிவங்களைத் தந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவை அழிந்துபோகும். கோழியின் எதிர்ப்பாற்றலுக்குச் சற்றே தப்பக்கூடிய வடிவம் ஒன்று இருந்தால் அது மட்டும் நிலைத்துப் பெருகும்.

இந்தத் தேர்வு மிகக் கடுமையாக நடக்கும் இடம் வைரஸின் மேற்பரப்பில் உள்ள கூர்முள் புரதம். அதன் வெளிப்பகுதியான எஸ்1தான் கோழியின் மூச்சுக்குழாய்ச் செல்களில் போய் ஒட்டுகிறது. நோய்த்தொற்றைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி குறிவைப்பதும் அதையே. சுமார் 535 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பகுதியில் மிகுதியாக மாறும் இடங்கள் மூன்று உள்ளன. வகை பிரிப்பதற்காக ஆய்வகங்கள் வரிசைப்படுத்துவது பெரும்பாலும் இந்த இடங்களில் ஒன்றைச் சுற்றியுள்ள சில நூறு எழுத்துகளைத்தான்.

பிழை தவிர இன்னொரு வழியும் இருக்கிறது, ஐ.பி. வைரஸைப் பொறுத்தவரை அதற்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். ஒரே செல்லுக்குள் இரண்டு வெவ்வேறு ஐ.பி. வைரஸ்கள் ஒருசேர நுழைந்துவிட்டால், படியெடுக்கும் நொதி ஓர் இழையைப் பாதி படித்துவிட்டு மற்ற இழைக்குத் தாவ முடியும். அப்போது முன்பகுதி ஒரு வைரஸினதும் பின்பகுதி வேறொரு வைரஸினதுமாக ஒரு புதிய தொகுதி பிறக்கிறது. இதை மறுசேர்க்கை என்கிறோம். வான்கோழிகளுக்குக் குடல் அழற்சி தரும் கொரோனா வைரஸின் பெரும்பகுதித் தொகுதி ஐ.பி. வைரஸை ஒத்திருக்க, அதன் கூர்முள் மரபணு மட்டும் முற்றிலும் வேறாக இருக்கிறது. ஐ.பி. போன்ற ஒரு வைரஸ் எங்கிருந்தோ புதிய கூர்முள்ளைப் பெற்றதால், தாக்கும் இனத்தையும் உறுப்பையும் மாற்றிக்கொண்டது என்பதே அதற்கு அறிவியலாளர்கள் தரும் விளக்கம். மறுசேர்க்கைக்கு இரண்டு வைரஸ்கள் ஒரே கோழியில் சந்திக்க வேண்டும். உயிர்த் தடுப்பூசியும் பெருகக்கூடிய ஒரு வைரஸ்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நோய் பரவிக்கொண்டிருக்கும் கொட்டகையில் புதிய உயிர்த் தடுப்பூசி வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பது விளங்கும்.

பெயர்களின் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்துகொள்வது உங்கள் அறிக்கையைப் படிக்க உதவும். அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில் குஞ்சுகளைத் தாக்கிய புதிய மூச்சுநோய் என்று 1931-இல் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. கரு வளரும் முட்டைகளில் இந்த வைரஸை வளர்க்கும் முறை 1937-இல் கைவந்தது. இன்றும் ஆய்வகங்களில் அளவுகோலாக நிற்கும் எம்41 என்ற மாசசூசெட்ஸ் வைரஸ் 1941-இல் பிரித்தெடுக்கப்பட்டது. 1950-களில் கனெக்டிகட் வைரஸ் ஆராயப்பட்டபோதுதான், ஒன்றுக்கு எதிராகப் பெற்ற பாதுகாப்பு மற்றொன்றைத் தடுக்கவில்லை என்ற செய்தி வெளிவந்தது. ஐ.பி. வைரஸில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்ற அறிவு அங்கிருந்தே தொடங்குகிறது. உங்கள் அறிக்கையில் உள்ள 793பி வகை, 4/91 என்ற பெயராலும் அறியப்படுவது, 1990-91-இல் பிரிட்டனில் அடையாளம் காணப்பட்டது. பழைய மாதிரிகளை மீண்டும் ஆராய்ந்தபோது, 1980-களின் நடுவிலேயே அது பிரான்சில் இருந்தது தெரிந்தது. 1996-இல் சீனாவின் சிங்தாவ் பகுதியில் கண்டறியப்பட்ட கியூ.எக்ஸ். வகை பின்னர் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவலாகக் காலூன்றியது. இப்படி ஊர்ப்பெயரும் எண்ணும் கலந்து குழம்பிக் கிடந்த பட்டியலை, 2016-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு எஸ்1 மரபணுவின் முழு வரிசையை வைத்து ஒழுங்குபடுத்தி, 6 மரபணு வகைகளாகவும் அவற்றுக்குள் 32 கிளைகளாகவும் பிரித்தது. பிறகு மேலும் சில சேர்ந்துள்ளன. அந்த முறையில் மாசசூசெட்ஸ் வகை ஜி.ஐ.-1 என்றும், 793பி வகை ஜி.ஐ.-13 என்றும், கியூ.எக்ஸ். வகை ஜி.ஐ.-19 என்றும் குறிக்கப்படுகின்றன.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 793பி என்பது உங்கள் கொட்டகையில் மாசசூசெட்ஸ் வைரஸ் உருமாறி உண்டானதன்று. இரண்டும் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துபோன தனித்தனிக் கிளைகள். மாசசூசெட்ஸ் வகையோ, முதலில் பிரித்தெடுக்கப்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தன் அடையாளம் மாறாமல் உலகெங்கும் காணப்படுகிறது. அதற்குத் தடுப்பூசியாகத் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதும் ஒரு காரணம். சில வகைகள் சில ஆண்டுகள் மட்டும் ஒரு வட்டாரத்தில் தோன்றி மறைந்துபோயின. ஆகவே "வைரஸ் உருமாறிவிட்டது" என்று உங்களிடம் சொன்னவர் வெளியிலிருந்து வந்த ஒன்றை உள்ளே பிறந்ததாக எண்ணிவிட்டார். இந்த வேறுபாடு பண்ணையில் நேரடியாகப் பொருள்படும்: வெளியிலிருந்து வந்தது என்றால் வந்த வழி ஒன்று இருக்க வேண்டும். முட்டைத் தட்டுகள், தீவன வண்டி, கழிவுக்கோழி ஏற்ற வந்தவர்கள், அண்டைப் பண்ணையின் காற்று என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டியது அந்த வழியைத்தான்.

இனி 96 சதவீதம் என்ற எண்ணுக்கு வருவோம். ஆய்வகம் வரிசைப்படுத்திய துண்டு 400 எழுத்துகள் கொண்டது என்று வைத்துக்கொண்டால், 16 இடங்களில் உங்கள் வைரஸ் மாறுபடுகிறது என்று பொருள். எதோடு ஒப்பிட்டு மாறுபடுகிறது என்பதைக் கேட்டறியுங்கள். 1990-களின் மூல வைரஸோடு ஒப்பிட்டார்களா, இப்போது விற்பனையில் உள்ள 793பி தடுப்பூசி வைரஸ்களோடு ஒப்பிட்டார்களா என்பதைப் பொறுத்து முடிவின் பொருளே மாறிவிடும். தடுப்பூசி வைரஸ் பண்ணைகளுக்கிடையே பரவி உங்கள் கோழிகளுக்கு வந்திருந்தால், ஒற்றுமை பொதுவாக 99 சதவீதத்துக்கு மேல் இருக்கும். எல்லாத் தடுப்பூசி வைரஸ்களோடும் ஒப்பிட்ட பிறகும் 96 என்றே நின்றால், வெகுநாளாகக் கோழிகளிடையே சுற்றி விலகி வந்த வைரஸாக இருக்க வாய்ப்பு மிகுதி. துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு எச்சரிக்கையாக இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அதோடு, எஸ்1 துண்டு 793பி என்று காட்டுவதால் மீதமுள்ள இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளும் 793பி வழியில் வந்தவை என்று ஆகிவிடாது. மறுசேர்க்கையைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

மாதிரி எப்போது, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம். அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த மாதிரியில் கிடைத்த வைரஸை நோய்க்குக் காரணம் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். குடலின் பெருங்குடல்வாய்ப் பகுதியில் உள்ள நிணத் திசுவிலோ எச்சத்திலோ வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் கூட பழைய வைரஸ் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அங்கு மட்டும் கிடைத்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வைரஸ் என்று நாம் ஒருமையில் சொன்னாலும், ஒரு கோழிக்குள் இருப்பது சிறு சிறு வேறுபாடுகள் கொண்ட பல வடிவங்களின் கூட்டம். வரிசைப்படுத்தும்போது அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மையாக உள்ள வடிவம்தான் நமக்குத் தெரிகிறது. ஆர்கன்சா என்ற மற்றொரு ஐ.பி. வகையின் தடுப்பூசியை ஆராய்ந்தவர்கள் இதை மிகத் தெளிவாகக் காட்டினார்கள்: குப்பியில் சிறுபான்மையாக இருந்த வடிவம் கோழிக்குள் சென்ற சில நாள்களிலேயே பெரும்பான்மை ஆகிவிட்டது. முட்டையில் நன்றாக வளரும் வடிவமும் கோழியின் மூச்சுக்குழாயில் நன்றாக வளரும் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே காரணம். பரிணாமம் நூறாண்டுக் கணக்கில் நடப்பது என்று நினைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இங்கு அது ஒரு வாரத்துக்குள், ஒரு கோழியின் தொண்டைக்குள் நடந்து முடிகிறது.

இப்போது பாதுகாப்பு என்ற கேள்வி. எஸ்1 புரதத்தில் சில சதவீத வேறுபாடே பாதுகாப்பைக் குறைத்துவிட்ட நிகழ்வுகளும் உண்டு. இருபது சதவீதம் வேறுபட்ட வைரஸுக்கு எதிராகவும் ஓரளவு நல்ல பாதுகாப்பு கிடைத்த நிகழ்வுகளும் உண்டு. எனவே வரிசையைப் பார்த்து மட்டும் பாதுகாப்பைக் கணிக்க முடியாது. அதை நேரடியாகச் சோதிக்கும் முறை வேறு: தடுப்பூசி பெற்ற கோழிகளுக்கு அந்த வைரஸை ஆய்வகத்தில் கொடுத்து, சில நாள் கழித்து மூச்சுக்குழாயை வளையங்களாக வெட்டி, அதன் உட்புற நுண்மயிர்கள் இன்னும் அசைகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அத்தகைய சோதனைகள் பலவற்றிலிருந்து கிடைத்த பயனுள்ள முடிவு ஒன்று: முதலில் மாசசூசெட்ஸ் வகையும், சுமார் இரண்டு வாரம் கழித்து 793பி வகையும் உயிர்த் தடுப்பூசியாகக் கொடுத்தால், கியூ.எக்ஸ். உட்பட வேறு பல கிளைகளுக்கு எதிராகவும் பரந்த பாதுகாப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு புதிய வைரஸுக்கும் ஒரு புதிய தடுப்பூசி என்ற ஓட்டம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

உங்கள் கோழிகளுக்கு மாசசூசெட்ஸ் தடுப்பூசி வீணாகிப்போனதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். இறப்பு அதிகமில்லை என்கிறீர்கள். முற்றிலும் பாதுகாப்பில்லாத கோழிகளாக இருந்திருந்தால் உற்பத்தி இதைவிட ஆழமாக விழுந்திருக்கக்கூடும். ஆனாலும் குடிநீர் வழியாகக் கொடுத்த இரண்டு முறையும் தடுப்பூசி ஒழுங்காகச் சென்று சேர்ந்ததா என்பதை நீங்கள் நேர்மையாக ஆராய வேண்டும். குளோரின் கலந்த நீரில் தடுப்பூசி வைரஸ் விரைவில் செத்துவிடும். கொழுப்பு நீக்கிய பால்பொடியை லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் வரை முன்கூட்டியே கலந்து குளோரினை முறிக்க வேண்டும். கரைத்த நீரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் கோழிகளும் குடித்து முடிக்கும்படி முன்னதாகத் தாகம் ஏற்படுத்தியிருக்க வேண்டும். குழாய்களின் கடைக்கோடி வரை மருந்து சென்றிருக்க வேண்டும். செலவு மிச்சம் என்று அளவைப் பாதியாக்குவது மிகவும் கெடுதலானது. சில கோழிகளுக்கு மட்டும் தடுப்பூசி சேர்ந்து மற்றவற்றுக்குச் சேராதபோது, தடுப்பூசி வைரஸ் கோழி விட்டுக் கோழி தாவி வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தாவலிலும் மேலே சொன்ன தேர்வு நடக்கும். அரைகுறைப் பாதுகாப்புள்ள கோழிகளோ, தப்பிக்கும் வடிவங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் சல்லடையாகிவிடும். அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி கொடுத்து ஒரு வாரம் ஆனதும், இருபது குஞ்சுகளின் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, எத்தனையில் தடுப்பூசி வைரஸ் இருக்கிறது என்று பி.சி.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் இருந்தால் கொடுத்த முறை சரி. பாதியில்தான் இருந்தால் தடுப்பூசியின் வகையை மாற்றுவதற்கு முன் முறையை மாற்ற வேண்டும்.

நோயுற்ற கொட்டகையில் இப்போது செய்யக்கூடியது குறைவு. காற்றோட்டத்தைச் சீராக்கி, எருவிலிருந்து எழும் அமோனியாவைக் குறையுங்கள். ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாயை அது மேலும் கெடுக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரஸை எதுவும் செய்யா. ஈ.கோலை அல்லது மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவின் இரண்டாந்தொற்று உறுதியானால் மட்டும், கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி, முட்டையை விற்கக் கூடாத இடைவெளி நாள்களைக் கடைப்பிடித்துக் கொடுக்கலாம். உற்பத்தி மெல்ல ஏறும். சில வாரங்கள் ஆகும். பழைய உச்சத்தை முழுதாகத் தொடாமலும் போகலாம். இறப்பு திடீரெனக் கூடினாலோ, கழுத்துத் திருகல், கொண்டை நீலமாதல் போன்றவை தென்பட்டாலோ, முதல் அறிக்கையை நம்பி இருந்துவிடாமல் அரசு கால்நடை மருத்துவருக்கு அன்றே தெரிவித்து, ராணிக்கெட்டுக்கும் பறவைக் காய்ச்சலுக்கும் மறுபடி சோதிக்கச் செய்யுங்கள்.

என் பெரிய கவலை உங்கள் பெரிய கோழிகளைப் பற்றியது அன்று. அதே வளாகத்தில் குஞ்சுகளும் வளர்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. வளர்ந்தால் அவற்றை உடனடியாகத் தனியாள், தனிக் காலணி, தனிக் கருவிகள் என்று பிரித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரங்களில் ஐ.பி. தொற்று வந்தால், சில வகை வைரஸ்கள் வளர்ந்துவரும் முட்டைக் குழாயை நிரந்தரமாகச் சிதைத்துவிடும். அப்படிப்பட்ட பெட்டைகள் பார்வைக்கு நலமாக வளர்ந்து, தீவனமும் தின்று, முட்டையே இடாமல் நிற்கும். பல வயதுக் கோழிகள் ஒரே வளாகத்தில் இருப்பது வைரஸுக்கு எப்போதும் புதிய இரையைத் தந்துகொண்டே இருக்கிறது. வகைகள் சந்தித்து மறுசேர்க்கை நடக்க அதைவிட ஏற்ற இடம் இல்லை. ஒரு கொட்டகையை ஒரே வேளையில் நிரப்பி ஒரே வேளையில் காலி செய்து, கழுவி, கிருமிநீக்கி, சில வாரம் வெறுமையாக விடும் வழக்கத்துக்கு நீங்கள் மாறினால், வைரஸின் பரிணாமத்தில் ஒரு பண்ணையாளர் தலையிடக்கூடிய அளவுக்குத் தலையிட்டவர் ஆவீர்கள். மேலுறை கொண்ட வைரஸ் ஆதலால் வழக்கமான கிருமிநீக்கிகளுக்கே இது மடிந்துவிடும். ஆனால் எரு ஒட்டிய இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது, கழுவுதல் முதலில் வர வேண்டும்.

அடுத்த தொகுதிக்கு 793பி தடுப்பூசி சேர்ப்பதா என்பதற்கு நான் வைக்கும் நிபந்தனைகள் இவை. இரண்டாவது மாதிரியிலும் அதே கிளை, தடுப்பூசி வைரஸ் அன்று என்று தெளிவாகத் தெரிய வேண்டும். மாசசூசெட்ஸ் தடுப்பூசி சரியாகச் சென்று சேர்ந்த கோழிகளிலும் நோய் வந்தது என்பது உறுதியாக வேண்டும். அந்தத் தடுப்பூசிக்கு உங்கள் நாட்டில் முறையான அனுமதி இருக்க வேண்டும். இவை மூன்றும் அமைந்தால், பொரித்த நாளில் மாசசூசெட்ஸும் இரண்டு வார வயதில் 793பியும் என்ற வரிசையை, வளாகத்தில் உள்ள எல்லா இளங்கோழித் தொகுதிகளுக்கும் விடாமல் பின்பற்றுங்கள். ஒரு கொட்டகைக்குக் கொடுத்து மற்றொன்றை விட்டால் தடுப்பூசி வைரஸே அங்கு பரவும். சுற்றுவட்டாரத்தில் 793பி நடமாட்டமே இல்லை என்று தெரியவந்தால் அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இரண்டாவது மாதிரிக்கு, புதிதாகத் தும்மத் தொடங்கிய பத்துக் கோழிகளின் மூச்சுக்குழாயிலிருந்து மாதிரி எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே அனுப்புங்கள். எஸ்1 மரபணுவை முழுமையாக வரிசைப்படுத்தும்படியும், தடுப்பூசி வைரஸ்களோடு ஒப்பிட்ட எண்ணைத் தனியாகத் தரும்படியும், வரிசையையே உங்களுக்கு ஒரு படி கொடுக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். அதோடு, நோய் தொடங்கிய நாள்களில் இருபது கோழிகளின் ரத்தம் எடுத்துச் சீரம் சேமித்திருந்தால், மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுத்து இரண்டையும் ஒரே நாளில், எதிர்ப்பொருள் அளவைக் காட்டும் எலைசா சோதனைக்கு அனுப்புங்கள். அது வகையைச் சொல்லாது, ஆனால் தொற்று எவ்வளவு பரவலாக நடந்தது என்பதைச் சொல்லும். முடிவுகளோடு, தடுப்பூசி கொடுத்த தேதிகள், அதன் தொகுதி எண்கள், கொட்டகைவாரியான தினசரி முட்டைக் கணக்கு ஆகியவற்றையும் எனக்கு அனுப்பினால், அடுத்த தொகுதிக்கான தடுப்பூசி அட்டவணையை நாம் சேர்ந்து எழுதலாம்.